அறுத்தலும் எடுத்தலும்

உடலுக்கு வேண்டாததாய்ப் போன ஒன்றை வெட்டி அகற்றும் மருத்துவச் செயலுக்குத் தமிழர் வழங்கும் பெயர்கள் பல. தமிழ்நாட்டார் அறுவை மருத்துவம் என்றும் அறுவைச் சிகிச்சை என்றும் எழுதுவர். ஈழத் தமிழர் சத்திர சிகிச்சை என்பர். நம் பாட்டனார் காலத்து ஏடுகள் இரண சிகிச்சை என்று கூறும். திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கோ, செய்தித்தாளிலும் மருத்துவமனைச் சுவரிலும் நாள்தோறும் கண்ணிற்படுவது சஸ்திரக்ரியை என்னும் சொல். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் படித்தவர், படியாதவர் எல்லாரும் சொல்வது ஆபரேஷன். ஒரு செயலுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு பெயரும் அச்செயலின் ஒவ்வொரு பக்கத்தைப் பார்த்துப் பிறந்தது என்பதே விடை. கத்தியைப் பார்த்தவன் ஒரு பெயர் வைத்தான். கையைப் பார்த்தவன் ஒரு பெயர் வைத்தான். புண்ணைப் பார்த்தவன் வேறொரு பெயர் வைத்தான். படுக்கையிற் கிடப்பவரைப் பார்த்து வைத்த பெயர் எது என்பதே இக்கட்டுரையில் நாம் தேடப் புகுவது.

இத்தேடலுக்கு ஸ்ரீவராகம் ஏற்ற இடமென்றே கூறவேண்டும். கோட்டையை அடுத்து, வராகப் பெருமாள் கோயிலையும் அதன் அகன்ற குளத்தையும் சுற்றி அமைந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர், அதற்கும் அப்பாலிருந்து வந்தவர் என எல்லாரும் இங்குண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, ஊர் அந்தப் பக்கமும் உத்தியோகம் இந்தப் பக்கமுமாக நின்றவர்கள் நம்முள் ஏராளம். அத்தகைய வீடுகளில் சமையலறை ஒரு மொழியிலும் தெரு மற்றொரு மொழியிலும் பேசும். இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளாதலால் சொற்கள் ஒன்றுபோலத் தோன்றிப் பொருளில் நம்மை ஏமாற்றிவிடும்.

அறு என்னும் வினையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மருத்துவமனையில் அறுவை அரங்கு என்ற பலகையைக் கண்டால் நோய் தீரும் இடமென்று அறிகிறோம். மலையாளத்திலோ அறவு என்பது விலங்கை வெட்டுதல். அறவுகாரன் என்பவன் இறைச்சி வெட்டுபவன். அறவுசாலை என்பது ஆடுமாடு வெட்டும் கொட்டில். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு நாளை அறுவை என்று அண்டை வீட்டு மலையாள அம்மையாரிடம் நம் பிள்ளை சொன்னால் அவர் திடுக்கிடுவதில் வியப்பில்லை. வேரொன்று, தமிழில் அது மருத்துவரின் கைக்குப் போயிற்று, மலையாளத்தில் கசாப்புக் கத்திக்குப் போயிற்று. சலிப்பூட்டும் பேச்சைத் தமிழ்நாட்டு இளைஞர் அறுவை என்பதும், அதையே இங்குள்ள இளைஞர் கத்தி என்பதும் ஒருவரையொருவர் கேட்டு வைத்த பெயர்கள் போலவே இருக்கின்றன.

இனி மேலை மொழிகளின் பக்கம் சென்று வருவோம். மருத்துவர் எழுதித் தரும் தாளில் எக்டமி என்று முடியும் சொற்கள் வரக் காண்கிறோம். குடல்வாலை அகற்றுவது அப்பெண்டெக்டமி. கருப்பையை அகற்றுவது ஹிஸ்டரெக்டமி. பித்தப்பையை அகற்றுவது கோலிசிஸ்டெக்டமி. கேட்கும்போது பல்லை உடைக்கும் இச்சொற்கள் பிரித்துப் பார்த்தால் மிக எளியவை. கிரேக்க மொழியில் எக் என்பது வெளியே. டொமே என்பது வெட்டு. கோலே என்பது பித்தம். கிஸ்டிஸ் என்பது பை. ஆகவே பித்தம், பை, வெளியே, வெட்டு என்று நான்கு துண்டுகளை நூலிற் கோத்ததே கோலிசிஸ்டெக்டமி. அச்சொற்றொடரை அப்படியே தமிழில் நிறுத்தினால் பித்தப்பை நீக்கம் என்றாகிவிடும். பெர்லின் நகரில் 1882ஆம் ஆண்டு கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர் முதன்முதலாக இதைச் செய்துகாட்டினார். எக் இல்லாமல் வெறும் டொமி என்று முடிந்தால், வெட்டித் திறந்தார்கள், எதையும் எடுக்கவில்லை என்று பொருள். வெட்டமுடியாதது என்ற பொருளில் ஆட்டம் என அணுவுக்குப் பெயரிட்டதும் இதே வேர்தான்.

அறுவை மருத்துவம் முழுமைக்கும் ஆங்கிலேயர் வழங்கும் சர்ஜரி என்ற பெயரோ கத்தியை நினைக்கவேயில்லை. கிரேக்கத்தில் கெயிர் என்றால் கை. எர்கோன் என்றால் வேலை. கைவேலை என்பதே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து சர்ஜரி ஆயிற்று. நம் வீடுகளில் நல்ல மருத்துவரைக் கைராசிக்காரர் என்று சொல்கிறோமே, அந்த நம்பிக்கையும் இந்தப் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆபரேஷன் என்பதற்கும் இலத்தீனில் வேலை என்பதற்குமேல் பொருளில்லை. அவ்விலத்தீனே வேருடன் பிடுங்குதலைக் குறித்து எக்ஸ்டர்பேஷன் என்ற சொல்லைத் தந்தது. வயலில் களை பறித்தவன் கண்ட சொல் அது.

வடமொழி வேறு திசையில் நோக்கியது. மலையாளத்தில் தொல்லைக்குச் சல்யம் என்று பெயர்; நெரிசல் மிகுந்த பேருந்தில் ஒரு நாளேனும் அச்சொல்லைக் கேளாதவர் நம்மில் இரார். அதன் முதற்பொருள் உடலிலே தைத்து நிற்கும் அம்பு, முள், கூரிய பொருள் என்பதாகும். போரிலே தைத்த அம்பைப் பிடுங்கி உயிர் காக்கும் கலை சல்ய தந்திரம் எனப் பெயர் பெற்றது. ஆயுர்வேதத்தின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது. 1889இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆயுர்வேதக் கல்லூரி ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. சுசுருதர் தம் நூலில் கத்தித் தொழிலை எட்டாகப் பகுத்தார். வெட்டி நீக்கல், கீறித் திறத்தல், சுரண்டல், துளைத்தல், ஆராய்தல், பிடுங்கி எடுத்தல், வடித்தல், தைத்தல் என்பன அவை. வெட்டி நீக்குதலைப் பழகும் மாணவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரிகளில் கைபழக வேண்டும் என்றும் விதித்தார். வெட்டி நீக்கலுக்கு அவர் இட்ட பெயர் சேத்யம். நாம் மழையால் பயிர் சேதம் என்கிறோமே, அச்சேதமும் இதுவும் ஒருவேரின. சஸ்திரக்ரியையில் உள்ள சஸ்திரம் வெட்டும் ஆயுதம். அறிவுநூலைக் குறிக்கும் சாஸ்திரம் வேறு வேரிலிருந்து வந்தது. சஸ்திரம் தமிழில் சத்திரம் ஆகியதால், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தோடு அது மயங்கி நிற்கிறது. சத்திர வைத்தியர் என்ற பழைய விளம்பரத்தைக் காணும் இன்றைய இளைஞர், அவர் சாப்பாட்டுச் சத்திரத்தில் தங்கி வைத்தியம் பார்த்தவர் போலும் என்று எண்ணினால் அது அவர் குற்றமன்று.

இந்த ஆரவாரத்தின் நடுவே தமிழ்ச் சொல்லாகிய அறுவையின் வரலாறு தனிச்சுவை உடையது. சங்க இலக்கியத்தில் அறுவை என்றால் ஆடை. தறியிலிருந்து அறுத்து எடுக்கப்பட்டதாதலின் அப்பெயர் வந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவர் துணி வாணிகர். சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் அறுவை வீதி என்றொரு வீதியுண்டு; இன்றைய ஒருவர் அதைப் படித்தால் மருத்துவமனைகள் நிறைந்த தெரு என்றே எண்ணிவிடுவார். துணி, துண்டு என்னும் சொற்களும் வெட்டுதலிலிருந்தே வந்தன. இவற்றுள் துணி என்பது வெட்டுதலோடு முடிவுசெய்தலையும் குறிக்கும். துணிதல், துணிவு என்பன அதன் கிளைகள். இலத்தீனிலும் வெட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்தே டிசிஷன் பிறந்தது. வெட்டுவதற்குமுன் ஒரு துணிவு வேண்டும் என்பதை இரு மொழிகளும் தனித்தனியே அறிந்திருந்தன.

அறு என்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. அறுத்தான் என்றால் ஒருவன் செய்த செயல். அற்றது என்றால் தானே தீர்ந்த நிலை. பற்று அற்றது, ஐயம் அற்றது, நோய் அற்றது என்போம். அறுத்தல் நிகழ்வதே அறுவதற்காக. இவ்விரண்டையும் ஒரு வேரில் வைத்திருக்கும் மொழிக்கு இச்செயலுக்கான பெயரைத் தேடி வெளியே போகும் தேவை இல்லை. ஆனால் அதே வேரிலிருந்து அறுவடையும் வந்தது, தாலியறுத்தலும் வந்தது. ஒருபுறம் களம் நிறைய நெல். மறுபுறம் கழுத்து வெறுமையான பெண். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போக அறுப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அச்சொல் ஒருசேர மகிழ்ச்சியும் அச்சமும் ஆகும். அகராதி இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும்; மனித மனம் அப்படி அடுக்குவதில்லை.

தமிழர் இத்தொழிலை அறியாதவரல்லர். பதிற்றுப்பத்தின் நாற்பத்திரண்டாம் பாட்டில், சேர வீரரின் மார்புப் புண்ணைத் தைக்கும் நீண்ட ஊசியைப் பரணர் நமக்குக் காட்டுகிறார். குளத்து நீரில் மூழ்கி மேலெழும் மீன்கொத்தியைப் போல் அவ்வூசி தசையில் மூழ்கி எழுகிறது. சித்த மருத்துவம் புறமருந்து முப்பத்திரண்டு என வகுத்து, அவற்றுள் கீறலையும் அறுவையையும் தனித்தனியே எண்ணியது. திறப்பது வேறு, நீக்குவது வேறு என்ற தெளிவு அப்பெயர்களிலேயே உள்ளது. கிரேக்கர் எக் சேர்த்தும் சேர்க்காமலும் காட்டிய வேறுபாடு இதுவே. இவையனைத்தினும் நம் நெஞ்சைத் தொடுவது, சேர மன்னராயிருந்து ஆழ்வாரான குலசேகரர் விற்றுவக்கோட்டுப் பதிகத்தில் வைத்த உவமையாகும். விற்றுவக்கோடு இன்றைய பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ளது. வைத்தியன் தன் உடலைக் கத்தியால் அரிந்தாலும் நெருப்பால் சுட்டாலும் அவனிடம் நோயாளிக்கு அன்பு குறைவதில்லை. அதுபோலவே இறைவன் துயர் தந்தாலும் அவனையே நாடுகிறேன் என்பது அதன் கருத்து. அவ்விடத்தில் அவர் ஆண்ட வினைச்சொல்லும் அறு என்பதே. மயக்க மருந்து இல்லாத காலத்தில் இவ்வுவமை பிறந்தது என்பதை மறக்கலாகாது. அத்தனை வலியையும் தாங்கச் செய்தது நம்பிக்கை ஒன்றே. நம்பிக்கை அற்றால் கத்தி வெறும் கத்தி.

அந்நம்பிக்கையை நோயாளியின் மொழியிலேயே உண்டாக்க வேண்டும் என்பதைச் செயலிற் காட்டியவர் ஓர் அயல்நாட்டார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து பணிபுரிந்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர், 1860களில், தமிழிலும் மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். மாணவர் துணையோடு பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவம் பற்றிய நூலுக்கு இரணவைத்தியம் என்று பெயர். 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. இரணம் என்னும் சொல் புண்ணையும் குறிக்கும், போரையும் குறிக்கும். மானிப்பாயில் புண்ணோடு பொருதவருக்கு அது பொருந்திய சொல்லே. பின்னர் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் சொற்களுக்கெனத் தமிழ்ச் சங்கமொன்று அமைத்தனர். அதன்பின் வந்த கலைச்சொல் முயற்சிகளின் ஊடே வடசொற்கள் பின்வாங்க, துணிக்கடையிலிருந்து மறைந்துபோன அறுவை மருத்துவமனையில் மறுபிறவி எடுத்தது.

இவ்வளவும் நூல்வழி அறிந்தவை. சொல்லுக்கும் நோயாளிக்கும் இடையே நிகழ்வதை 1983இல் எங்கள் வீட்டிலேயே கண்டோம். நாஞ்சில் நாட்டுச் சிற்றூரில் பிறந்த எங்கள் அத்தை, இருபத்தாறு வயதில் கணவரை இழந்து, ஸ்ரீவராகத்தில் எங்களுடன் வாழ்ந்தார். அவர் எதிரில் அறு என்னும் சொல்லை எவரும் எடுப்பதில்லை. வயற்காரர் மகளாயிருந்தும் அறுப்பு என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. மலையாளப் பெண்களைப் போலக் கொய்த்து என்றே சொல்வார். அவருக்குப் பித்தப்பையில் கற்கள் சேர்ந்து, பையையே அகற்றவேண்டும் என்றாயிற்று. பித்தப்பை நீக்கத்தைச் சிறு துளைகள் வழியே செய்துகாட்டிய முதல் முயற்சி 1985இல்தான் ஜெர்மனியில் நடந்தது. அன்று வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும். தமிழ்ப்பற்று மிகுந்த இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே வந்து, பித்தப்பையை அறுத்து அகற்றுவோம், அறுவைக்கு ஒப்புதல் தாருங்கள் என்று நல்ல தமிழில் விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் எவர் சொல்லியும் கையொப்பம் இடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மலையாளச் செவிலியர் தலையணையைச் சரிசெய்தபடியே, "அம்மே, பேடிக்கண்டா. கல்லுள்ள சஞ்சி நமுக்கு எடுத்துக் களயாம்" என்றார். களயாம் என்றால் மலையாளத்தில் போக்கிவிடலாம் என்பது பொருள். அத்தையின் காதில் விழுந்தது களை. களை எடுப்பது அவர் சிறுவயதிலிருந்து அறிந்த வேலை. பயிர் வாழ்வதற்காகச் செய்யும் வேலை. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "களை பறிக்கதுக்கு யாராவது மாட்டேன்னு சொல்லுவாளா? நாளைக்கே எடுக்கச் சொல்லு, மக்களே" என்றார். இரு சொற்களும் ஒரே வேரின என்பதை அந்தச் செவிலியரும் அறியார், அத்தையும் அறியார். எக்ஸ்டர்பேஷன் என்ற இலத்தீன் சொல்லைப் படைத்தவர்கள் கண்ட உண்மையை, எழுத்தறியாத ஒரு நாஞ்சில் நாட்டுப் பெண் ஒரு நொடியில் கண்டுகொண்டார்.

எட்டாம் நாள் கற்களைச் சிறு புட்டியில் இட்டு அவர் கையிற் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாய் எண்ணினார், பதினேழு இருந்தன. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அறுப்பு மோசமில்ல" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வாயில் வராத சொல் அது. பித்தப்பையோடு வேறொன்றும் அன்று அகன்றது என்றே எங்களுக்குத் தோன்றியது. அதன்பின் அவர் பல்லாண்டு நலமாய் வாழ்ந்தார்.

அறுவை என்னும் சொல்லைக் கைவிடவேண்டும் என்பது நம் கருத்தன்று. நூலுக்கும் கல்லூரிக்கும் அதனினும் சிறந்த சொல் இல்லை. அதனோடு நாம் இணைத்து வழங்கும் சிகிச்சை என்ற வடசொல்லின் வேரும் கருத்தூன்றிப் பேணுதலையே குறிக்கும். ஆகவே அறுவைச் சிகிச்சை என்பதில் பாதி கத்தி, பாதி பரிவு. ஆனால் கட்டிலருகே நிற்கும்போது நம் மக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த மற்றொரு சொல் உண்டு. கட்டியை எடுத்துவிட்டார்கள், கல்லை எடுத்துவிட்டார்கள் என்பர். எடுத்தல் என்றால் வெளியே கொணர்தல். தூக்கி உயர்த்துதலும் அதுவே. கடலுள் ஆழ்ந்த நிலமகளைத் தம் கோட்டால் எடுத்த பெருமாளுக்கன்றோ ஸ்ரீவராகத்தில் கோயில்? அங்கும் எடுத்தல் என்பது மீட்டலே. வெட்டுவோன் நோக்கில் அறுத்தல். மீள்வோர் நோக்கில் எடுத்தல்.

இன்று கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து இந்நகரின் மருத்துவக் கல்லூரிக்கும், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்துக்கும், 1981இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் தமிழர் ஏராளமாய் வருகின்றனர். ஒப்புதல் தாள்கள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. அவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு இவ்வூரில் வேரூன்றிய நம் போன்றோர்க்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. சஸ்திரக்ரியை என்று அச்சிட்டதைப் படித்து, அறுவைச் சிகிச்சை என்று பொருள் உணர்ந்து, எடுத்துவிடுவார்கள் பாட்டி என்று சொல்லத் தெரிந்த பிள்ளை மூன்று மொழி கற்ற பிள்ளை. அப்படியொரு பிள்ளை வீட்டுக்கு ஒன்றேனும் இருக்குமாறு வளர்ப்போமாக.